பத்தொன்பதாம் எண்ணில் போய் உட்கார்ந்த பில்

சித்தப்பாவின் ஹார்டுவேர் கடைக்கு பில் போடும் மென்பொருளை 2017 ஜூனில் எழுதிக் கொடுத்தேன். ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வருகிறது, பழைய பில் புத்தகம் செல்லாது என்று அவர் அவசரப்படுத்த, பத்து நாளில் ஒப்பேற்றியது. பின்னால் இருப்பது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம். அப்போது பதிப்பு 9.6. எட்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்ததை, போன மாதம் புதுக் கணினி வாங்கிய சாக்கில் 16-க்கு மாற்றினேன். அந்த மாற்றம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிஜி_டம்ப் கட்டளையால் மொத்த நகல் எடுத்துப் புதியதில் ஏற்றியபோது, புதுப் பதிவுகளுக்கு அடுத்தடுத்த எண் தரும் சீக்வென்ஸ்களின் நடப்பு எண்கள்கூடச் சரியாக வந்து உட்கார்ந்துவிட்டன. வினை அதற்குப் பிறகு என் கையால் வந்தது.

பில் டேபிளில், அதாவது பில்கள் பதிவாகும் அட்டவணையில், தேவையில்லாத ஆறு நெடுவரிசைகள் இருந்தன. வாட் காலத்தில் போட்ட இரண்டு, எதற்கென்று எனக்கே மறந்துபோன நான்கு. ஒவ்வொன்றாக ஆல்டர் டேபிள் கொடுத்து நீக்கியிருக்கலாம், ஒரு நிமிட வேலை. ஆனால் நெடுவரிசைகளின் வரிசையையும் அழகாக்கிவிடலாம் என்று ஒரு ஆசை. அதனால் ஞாயிறு இரவு இப்படிச் செய்தேன்: பழைய டேபிளைப் போலவே, 'லைக் பில்ஸ் இன்க்ளூடிங் ஆல்' என்று புது டேபிளை உருவாக்கி, அதில் வெட்டி ஒட்டி வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவந்து, 2,61,840 பில்களையும் அதில் கொட்டினேன். நான்கு விநாடி. அப்புறம் பழையதை டிராப் செய்ய, அதாவது நீக்க, போனால் மறுத்தது. வேறு பொருள்கள் இதை நம்பியிருக்கின்றன, வேண்டுமானால் அவற்றையும் சேர்த்து நீக்கும் கேஸ்கேட் போட்டுக்கொள் என்றது. பில்லில் உள்ள சரக்குகளை வைத்திருக்கும் பில்_ஐட்டம்ஸ் டேபிளிலிருந்து வரும் இணைப்பான ஃபாரின் கீயைச் சொல்கிறது, அதைத்தான் பிறகு புது டேபிளுக்குப் போடப்போகிறோமே என்று கேஸ்கேட் சேர்த்து அடித்தேன்.

'டிராப் கேஸ்கேட்ஸ் டு 2 அதர் ஆப்ஜெக்ட்ஸ்' என்று வந்தது. இரண்டு. நான் எதிர்பார்த்தது ஒன்று. கீழே இரண்டு வரியில் விவரமும் தெளிவாகவே இருந்தது. ஒரு வரி ஃபாரின் கீ. இன்னொரு வரி, புது டேபிளில் ஒவ்வொரு பில்லின் அடையாள எண்ணை வைக்கும் ஐடி நெடுவரிசையின் டிஃபால்ட், அதாவது எண் கொடுக்காவிட்டால் தானாக விழும் மதிப்பு. நான் முதல் வரியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

நடந்தது இதுதான். 2017-ல் நான் ஐடி நெடுவரிசைக்கு சீரியல் என்று போட்டிருந்தேன். சீரியல் என்பது தனி வகையே அல்ல, மூன்று வேலைகளுக்கான சுருக்கெழுத்து. ஒரு சீக்வென்ஸை உருவாக்கும். நெடுவரிசையின் டிஃபால்ட்டாக அந்த சீக்வென்ஸின் நெக்ஸ்ட்வேலை, அதாவது அடுத்த எண்ணை வாங்கும் செயற்கூறை, வைக்கும். கடைசியாக, இந்த சீக்வென்ஸ் இந்த நெடுவரிசைக்குச் சொந்தம் என்று எழுதி வைக்கும். ஆக டேபிளுக்கும் சீக்வென்ஸுக்கும் நடுவே இரண்டு முடிச்சுகள். டிஃபால்ட் என்ற முடிச்சு நெடுவரிசையிலிருந்து சீக்வென்ஸுக்குப் போகிறது. உடைமை என்ற முடிச்சு எதிர்த்திசையில், சீக்வென்ஸிலிருந்து நெடுவரிசைக்கு. லைக் போட்டு நகலெடுத்தபோது முதல் முடிச்சு மட்டும் நகலானது. புது டேபிளும் அதே பழைய சீக்வென்ஸிடம் எண் கேட்கிறது, ஆனால் அந்த சீக்வென்ஸின் சொந்தக்காரர் பழைய டேபிள்தான். பழைய டேபிள் போனதும் சீக்வென்ஸும் கூடவே போனது. சீக்வென்ஸ் போனதால் அதை நம்பியிருந்த டிஃபால்ட்டும் போனது.

ஃபாரின் கீயைத் திரும்பப் போட்டு, டேபிளின் பெயரை மாற்றி, ஒரு சோதனை பில் போட்டேன். ஐடி நெடுவரிசையில் வெறுமை (நல், மதிப்பே இல்லாத நிலை) வரக்கூடாது என்று பிழை. அப்போதுதான் டிஃபால்ட் காணாமல் போனது தெரிந்தது. மணி பதினொன்றரை. சரி, சின்ன வேலைதானே என்று பழைய பெயரிலேயே ஒரு சீக்வென்ஸ் உருவாக்கி, அதன் நெக்ஸ்ட்வேலை டிஃபால்ட்டாக வைத்தேன். சீக்வென்ஸ் ஒன்றிலிருந்து தொடங்கும், அதை இருக்கும் பெரிய ஐடிக்கு நகர்த்த வேண்டும் என்பதும் ஞாபகம் இருந்தது. அதற்கு எல்லோரும் வைத்திருக்கும் அந்த ஒற்றை வரி என்னிடமும் உண்டு: பிஜி_கெட்_சீரியல்_சீக்வென்ஸ் என்ற செயற்கூறு டேபிள், நெடுவரிசை பெயர்களை வாங்கிக்கொண்டு சீக்வென்ஸின் பெயரைத் தரும், அதை, சீக்வென்ஸை ஒரு எண்ணுக்கு நகர்த்தும் செட்வேலுக்குக் கொடுத்து, இருப்பதிலேயே பெரிய எண்ணான மேக்ஸ் ஐடியையும் கொடுத்தால் முடிந்தது. ஓட்டினேன். ஒரு வரி பதில் வந்தது, கீழே '1 ரோ'. பிழை ஏதும் இல்லை. எல்லாவற்றையும் போஸ்ட்கிரெஸ் என்ற நிர்வாகப் பயனராக இருந்து செய்ததால், டேபிளின் உரிமையை மென்பொருளின் பயனருக்கு மாற்றிவிட்டுப் படுக்கப் போனேன். சோதனை பில்லை இன்னொரு தடவை போட்டுப் பார்க்கவில்லை.

திங்கள் காலை 9:20-க்கு பில் போடும் அக்கா கூப்பிட்டார். "தம்பி, பில்லு ஏற மாட்டேங்குது." வீட்டிலிருந்தே கடைக் கணினியில் இணைந்து, பிழைகள் பதிவாகும் லாகைப் பார்த்தேன். சீக்வென்ஸுக்கு அனுமதி இல்லை என்றது. டேபிளை மாற்றிக் கொடுத்தேன், சீக்வென்ஸ் இன்னும் போஸ்ட்கிரெஸ் பயனரிடமே இருந்தது. சீரியலாக இருந்திருந்தால் டேபிளின் உரிமையை மாற்றியபோது சீக்வென்ஸும் கூடவே போயிருக்கும். இது ஏன் போகவில்லை என்று அந்த நிமிடம் யோசித்திருந்தால் மீதிக் கதையே இல்லை. யோசிக்கவில்லை. சீக்வென்ஸைப் பயன்படுத்த அனுமதி தரும் கிரான்ட் யூசேஜ் கொடுத்துவிட்டு, "இப்ப போடுங்கக்கா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் ஆறு தவறிய அழைப்புகள்.

கடை பத்து நிமிட தூரம்தான். போய்ப் பார்த்தபோது அக்கா ஒரு புதிருடன் காத்திருந்தார். "பதிவாகலை பதிவாகலைன்னு வருது, விடாம அழுத்தினா ஒரு கட்டத்துல பதிவாயிடுது. ஆனா பதிவான பில்லைக் காணோம்." காலையிலிருந்து மூன்று பில் அப்படிப் பதிவாகி, அச்சாகி, சரக்கும் போய்விட்டது. திரையில் கடைசி இருபது பில்கள் தெரியும் பட்டியலில் சனிக்கிழமை பில்தான் முதலில் நிற்கிறது.

என் மென்பொருள் எல்லாப் பிழைக்கும் 'பில் பதிவாகவில்லை' என்று ஒரே செய்தியைத்தான் காட்டும். எட்டு வருடத்துக்கு முன் அதைப் பெரிய நாகரிகமாக நினைத்தேன். உண்மையான பிழை போஸ்ட்கிரெஸ் லாகில் இருந்தது. திறந்து பார்த்தால் படிக்கட்டு போல இறங்கிப் போகிறது: ஐடி 1 ஏற்கனவே உள்ளது, ஐடி 2 ஏற்கனவே உள்ளது, ஐடி 3 ஏற்கனவே உள்ளது... இப்படி 18 வரை. அப்புறம் 19 இல்லை, நேராக 20. அங்கிருந்து 31 வரை. 32 இல்லை. 33 முதல் 46 வரை. அதோடு நின்றிருந்தது.

சீக்வென்ஸின் கடைசி மதிப்பைக் கேட்டேன், 47. டேபிளின் மேக்ஸ் ஐடி நேற்று வரை 2,87,316.

ஒன்றிலிருந்து எண் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு எண். பில் பதிவாகாமல் போனாலும் நெக்ஸ்ட்வேல் கொடுத்த எண் திரும்ப வராது, பரிவர்த்தனையை ரோல்பேக் செய்து முழுதாகத் திரும்பப் பெற்றாலும் சீக்வென்ஸ் பின்னால் போகாது. அதனால் அடுத்த அழுத்தலில் அடுத்த எண். பழைய பில்களில் 19 என்ற ஐடி ஒரு காலத்தில் இதேபோல் ரோல்பேக்கில் தொலைந்துபோன ஓட்டை. அந்த ஓட்டைக்குள் காலையில் வந்த பில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துவிட்டது. 32, 47-ம் அப்படித்தான். பட்டியல் ஐடி வாரியாக இறங்கு வரிசையில் காட்டுவதால், அந்த மூன்று பில்களும் 2017 ஜூலை பில்களுக்கு நடுவே, அடிமட்டத்தில் கிடந்தன. எண்ணிப் பார்த்தேன், 44 தோல்வி, 3 வெற்றி. அக்காவின் பொறுமை பெரியது.

இனி ராத்திரி ஓட்டிய ஒற்றை வரி என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். அதை இரண்டாகப் பிரித்து, பிஜி_கெட்_சீரியல்_சீக்வென்ஸை மட்டும் தனியாக ஓட்டினேன். வெற்று வரி. போஸ்ட்கிரெஸுக்குக் கட்டளை அடிக்கும் பிஎஸ்க்யூஎல் வெறுமையை வெற்றிடமாகத்தான் காட்டும். பிசெட் கட்டளையால், வெறுமை வந்தால் மூன்று நட்சத்திரம் காட்டு என்று மாற்றிவிட்டுத் திரும்ப ஓட்டினேன். மூன்று நட்சத்திரம்.

அந்தச் செயற்கூறு டிஃபால்ட்டைப் பார்ப்பதே இல்லை. டிஃபால்ட்டில் நெக்ஸ்ட்வேல் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. அது பார்ப்பது இரண்டாவது முடிச்சை, உடைமையை. நான் கையால் உருவாக்கிய சீக்வென்ஸுக்கு அந்த முடிச்சைப் போடவே இல்லை. அதனால் வெறுமை. செட்வேலோ, உள்ளே வருவதில் ஏதாவது ஒன்று வெறுமையாக இருந்தால் எதுவும் செய்யாமல் வெறுமையையே திருப்பித் தரும் வகை. கத்தாது. ராத்திரி எனக்கு வந்த அந்த '1 ரோ'வுக்குள் இருந்தது ஒன்றுமில்லாமைதான்.

சரிசெய்தது ஐந்து நிமிடம். முதலில் சீக்வென்ஸின் பெயரை நேராகக் கொடுத்து செட்வேல், மேக்ஸ் ஐடிக்கு. அடுத்து வரும் எண் 2,87,317. ஒரு பில் போட்டுப் பார்த்தோம், ஏறியது, பட்டியலில் மேலே வந்தது. வாசலில் நின்ற கூட்டத்துக்கு அக்கா பில் போடத் தொடங்கிவிட்டார், நான் மூலைக் கணினியில் மீதியைத் தொடர்ந்தேன். ஆல்டர் சீக்வென்ஸ், ஓன்ட் பை, பில்ஸ் டாட் ஐடி. மறுத்தது: சீக்வென்ஸும் டேபிளும் ஒரே பயனருடையதாக இருக்க வேண்டுமாம். ஒரே ஸ்கீமாவிலும், அதாவது தரவுத்தளத்தின் ஒரே பிரிவிலும், இருக்க வேண்டும், அது இருந்தது. சீக்வென்ஸின் உரிமையை மென்பொருளின் பயனருக்கு மாற்றிவிட்டுத் திரும்பக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டது. இப்போது பிஜி_கெட்_சீரியல்_சீக்வென்ஸ் பெயரைச் சொன்னது.

ஓன்ட் பை என்பதும் ஓனர் என்பதும் வேறு வேறு. ஓனர் என்றால் எந்தப் பயனருடையது என்பது. ஓன்ட் பை என்றால் எந்த நெடுவரிசையோடு சாக வேண்டும் என்பது. ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்தவர்கள் வாழ்க.

கடை நின்ற நேரம் ஒரு மணி ஐந்து நிமிடம். இடையில் சித்தப்பா துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்த 11 மதிப்பீடுகளைப் பிறகு பில்லாக ஏற்றினோம். ஒரு கொத்தனார் காத்திருக்க முடியாமல் எதிர்க்கடைக்குப் போய்விட்டார், அதைச் சித்தப்பா இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

இவ்வளவு குளறுபடியிலும் ஒன்று தப்பியது, பில் எண். முதல் இரண்டு வருடம் ஐடியையேதான் பில் எண்ணாக அச்சிட்டுக்கொண்டிருந்தேன். 2019-ல் ஆடிட்டர் பட்டியலை வைத்துக்கொண்டு இந்த எண் எங்கே, அந்த எண் எங்கே என்று கேட்டார். ஜிஎஸ்டி விதி 46 பில்லுக்குத் தொடர் வரிசை எண் கேட்கிறது, பதினாறு எழுத்துக்கு மிகாமல், அந்த நிதியாண்டுக்குள் தனித்ததாக. சீக்வென்ஸிடம் அந்த ஒழுங்கை எதிர்பார்க்கக் கூடாது. மூன்று கணினி ஒரே நேரத்தில் எண் கேட்டாலும் யாரும் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது என்பதற்காகவே அது கொடுத்ததைத் திரும்ப வாங்குவதில்லை. போதாததற்கு, மின்சாரம் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்டு சர்வர் பொத்தென்று விழுந்தால், எழும்போது 32 எண் வரை தாவியிருக்கும், ஏனென்றால் அது 32 எண்களுக்கு முன்கூட்டியே பதிவுக்குறிப்பு எழுதி வைத்துக்கொள்கிறது. எங்கள் ஊரில் அது பல தடவை நடந்திருக்கிறது. எட்டு வருடத்தில் 25,476 எண்கள் இப்படித் தொலைந்திருந்தன. பெரும்பாலானவை வாடிக்கையாளர் பேரம் படியாமல் போனதில் வந்த ரோல்பேக்.

அதனால் 2019-ல் பில் எண்ணைத் தனியாகப் பிரித்தேன். நிதியாண்டுக்கு ஒரு வரி உள்ள சின்ன டேபிள். பில் சேமிக்கும் அதே பரிவர்த்தனைக்குள் அந்த வரியை ஒன்று கூட்டி, ரிட்டர்னிங் போட்டு எண்ணை வாங்கிக்கொள்வது. பில் விழுந்தால் கூட்டலும் சேர்ந்து விழும், ஓட்டை வராது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் சேமித்தால் இரண்டாமவர் முதலாமவர் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். மூன்று கணினி உள்ள கடையில் அது யாருக்கும் தெரிவதில்லை. 44 தோல்விக்கு நடுவே பதிவான அந்த மூன்று பில்களும் அடுத்தடுத்த எண்ணில் ஒழுங்காக இருந்தன. அதைப் பார்த்தபோதுதான் மூச்சு வந்தது.

அடுத்த ஞாயிறு மொத்தத்தையும் சோதித்தேன். இந்த முறை நகல் டேட்டாபேஸில், பகலில், சாப்பிட்ட பிறகு. டேபிள்கள் பதினொன்று, எண் தானாக ஏறும் நெடுவரிசைகள் ஒன்பது. எல்லாவற்றுக்கும் பிஜி_கெட்_சீரியல்_சீக்வென்ஸ் ஓட்டினேன். எட்டு பெயர் சொன்னது, ஒன்று நட்சத்திரம் காட்டியது. சரக்கு வகை டேபிள், எப்போதோ கையால் செய்தது. இன்னொரு வேடிக்கை, பார்ட்டி டேபிளின் சீக்வென்ஸ் பெயர் இன்னும் 'கஸ்டமர்' என்றே தொடங்குகிறது. 2020-ல் டேபிளின் பெயரை மாற்றியிருந்தேன். டிஃபால்ட்டில் சீக்வென்ஸ் பெயராகச் சேமிக்கப்படுவதில்லை, உள் அடையாள எண்ணாக, அதனால் பெயர் மாறினாலும் இணைப்பு அறுவதில்லை. ஆனால் டேபிள் பெயரோடு அடிக்கோடு ஐடி அடிக்கோடு சீக் என்று ஊகித்து ஸ்கிரிப்ட் எழுதினால் அந்த ஒரு டேபிளில் வழுக்கும்.

எல்லாவற்றையும், சீக்வென்ஸை நெடுவரிசைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் ஐடென்டிட்டிக்கு மாற்றுவது என்று முடிவு செய்தேன். போஸ்ட்கிரெஸ் 10-ல் வந்தது அது, 2017 அக்டோபர். என் மென்பொருளுக்கு நான்கு மாதம் பிந்தியது. ஒவ்வொரு டேபிளுக்கும் ஒரே பரிவர்த்தனைக்குள் இவ்வளவுதான்: டிஃபால்ட்டை எடு, பழைய சீக்வென்ஸை டிராப் செய், ஐடியை ஜெனரேட்டட் ஆஸ் ஐடென்டிட்டி ஆக்கு. டேபிள் திருத்தி எழுதப்படுவதில்லை, அதனால் இரண்டரை லட்சம் பதிவுள்ள பில் டேபிளுக்கும் பிஎஸ்க்யூஎல் காட்டிய நேரம் 14 மில்லிசெகண்ட். முதல் ஒத்திகையில் சோதனை பில் போட்டேன்: ஐடி 1 ஏற்கனவே உள்ளது. மறுபடியும்! ஐடென்டிட்டியும் உள்ளே புது சீக்வென்ஸைத்தான் வைத்துக்கொள்கிறது, அதுவும் ஒன்றிலிருந்துதான் தொடங்கும். இதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

செட்வேலை நான்காவது படியாகச் சேர்த்தேன். அதிலும் ஒரு கண்ணி. திரும்பிவந்த சரக்கு டேபிளில் ஒரு பதிவுகூட இல்லை, மேக்ஸ் ஐடி வெறுமை, ஆக செட்வேல் மறுபடியும் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொண்டது. இங்கே கெடுதல் இல்லை, சீக்வென்ஸ் ஒன்றில்தான் நிற்கிறது. ஆனாலும் வெறுமையானால் பூஜ்யம் என்று கோஅலெஸ் போட்டு, ஒன்று கூட்டி, மூன்றாவது இடத்தில் ஃபால்ஸ் கொடுத்தேன். அந்த ஃபால்ஸ் இல்லாவிட்டால் கொடுத்த எண் தீர்ந்துவிட்டதாக நினைத்து அதற்கடுத்ததைத் தரும். இருந்தால், கொடுத்த எண்ணையே முதலில் தரும்.

நகலில் வேண்டுமென்றே உடைத்தும் பார்த்தேன். ஐடென்டிட்டியின் சீக்வென்ஸை நேராக டிராப் செய்யப் போனால், ஐடி நெடுவரிசைக்கு இது தேவை என்று மறுக்கிறது. லைக் இன்க்ளூடிங் ஆல் போட்டால் நகல் டேபிளுக்குத் தனி சீக்வென்ஸ் கிடைக்கிறது, பழையதைப் பங்கு போட்டுக்கொள்வதில்லை. அன்று ராத்திரி பில் டேபிள் இப்படி இருந்திருந்தால் கேஸ்கேட்டில் ஃபாரின் கீ ஒன்றுதான் போயிருக்கும். செட்வேலை மறந்திருந்தால் படிக்கட்டு மட்டும் வந்திருக்கும்.

பில் டேபிளுக்கு ஆல்வேஸ் போட்டேன், யாரும் கையால் ஐடி கொடுக்க முடியாது, கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஓவர்ரைடிங் சிஸ்டம் வேல்யூ என்று நீட்டி முழக்க வேண்டும். சரக்குப் பட்டியல் எக்செல்லிலிருந்து ஐடியோடு வருவதால் அதற்கு மட்டும், கையால் ஐடி கொடுக்க விடும் பை டிஃபால்ட். அந்த இறக்குமதிக்குப் பின் செட்வேல் ஓட்ட மறந்தால் அங்கேயும் இதே படிக்கட்டு வரும், அதனால் இறக்குமதி ஸ்கிரிப்டின் கடைசி வரியாகவே அதைச் சேர்த்துவிட்டேன்.

நண்பன் ஒருவன் கேட்டான், இன்னொரு தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல்லில் இந்தத் தொல்லையே இல்லையே, எண்ணைத் தானாக ஏற்றும் ஆட்டோ_இன்க்ரிமென்ட் டேபிளோடு ஒட்டியே இருக்குமே என்று. ஒட்டித்தான் இருக்கும். ஆனால் 8.0 பதிப்புக்கு முன் அதன் சேமிப்புப் பகுதியான இன்னோடிபி அந்த எண்ணை நினைவகத்தில் மட்டும் வைத்திருந்து, சர்வர் எழும்போது டேபிளின் பெரிய எண்ணைப் பார்த்து மறுபடி கணக்கிடும். கடைசிப் பதிவை அழித்துவிட்டு சர்வரை நிறுத்தி எழுப்பினால் அழித்த எண்ணே இன்னொருவருக்குப் போகும். தொல்லை வேறு இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

புதுக் கணினி 31,500 ரூபாய். மென்பொருள் செலவு பூஜ்யம். என் கணக்கில் இரண்டு ஞாயிறும் ஒரு திங்கள் காலையும். அடுத்த தடவை நெடுவரிசை அழகுக்காக டேபிளை மாற்றி எழுத மாட்டேன். கேஸ்கேட் அடிப்பதற்கு முன் பரிவர்த்தனையைத் தொடங்கும் பிகின் அடிப்பேன், எத்தனை பொருள் விழுகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மாற்றத்தை உறுதிசெய்யும் கமிட். வெறுமைக்கு மூன்று நட்சத்திரம் இப்போது பிஎஸ்க்யூஎல்லின் தொடக்கக் கோப்பிலேயே இருக்கிறது. பிழைச் செய்தியின் அடியில் உண்மையான காரணமும் சின்ன எழுத்தில் வருகிறது.

அந்த மூன்று பில்களின் ஐடியை மாற்றவில்லை. பில்_ஐட்டம்ஸிலும் மாற்ற வேண்டும், ஃபாரின் கீயைக் கழற்றி மாட்ட வேண்டும், இதற்கெல்லாம் இன்னொரு ஞாயிறு கொடுக்க மனமில்லை. பட்டியலைத் தேதி, நேரம் வாரியாக வரிசைப்படுத்திவிட்டேன், பில்கள் மேலே வந்துவிட்டன. 19, 32, 47 அங்கேயே இருக்கட்டும்.

அக்காவுக்கு மட்டும் அந்தத் திங்கட்கிழமைப் பழக்கம் போகவில்லை. 'சேமி' பொத்தானை இப்போதும் இரண்டு தடவை அழுத்துகிறார். போன செவ்வாய் அரை அங்குல கீல் பில் ஒன்று இரட்டையாக விழுந்தது. முதல் அழுத்தலிலேயே பொத்தானை முடக்கும் வேலை இந்த ஞாயிற்றுக்கு.